மார்பில் அடிபட்டு மூச்சுக்குழல் கிழிந்தால்: சந்தேகத்திலிருந்து தையல் வரை

பாலக்கோடு பக்கம் டிராக்டர் கவிழ்ந்து, ஸ்டியரிங்குக்கும் வரப்புக்கும் நடுவே மார்பு நசுங்கி வந்த 22 வயதுப் பையன் ஒருவன். பல வருடம் ஆகிவிட்டது. நான் சர்ஜரி படித்து முடித்து அதிக நாள் ஆகாத காலம். வலது பக்கம் நியூமோதொராக்ஸ், அதாவது நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே காற்று. ஐ.சி.டி., அதாவது அந்தக் காற்றைத் தண்ணீர் பாட்டிலுக்குள் வெளியேற்றும் மார்பு டியூப், போட்டேன். பாட்டிலில் உலை கொதிப்பதுபோலக் குமிழ் வந்தது, ஆனால் எக்ஸ்ரேயில் நுரையீரல் விரியவே இல்லை. டியூப் சரியாக உட்காரவில்லை என்று நினைத்து இரண்டாவது டியூப் போட்டேன். சக்‌ஷன் வைத்தேன், மூச்சுத் திணறல் கூடியது. நான்காம் நாள் என் மூத்தவர் ஒருவர் போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உள்ள போற காத்து எங்கப்பா போகுது?"

மூச்சுவழிக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாயான பிராங்கோஸ்கோப்பை விட்டுப் பார்த்தபோது வலது கிளைக்குழல் அறுந்து கிடந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். அந்த நான்கு நாளும் அவன் பட்ட திணறலுக்கு நான்தான் பொறுப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இரவு டியூட்டி பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கும், இங்கே சர்ஜரி செய்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அந்த நான்கு நாளை நான்கு மணி நேரமாகக் குறைக்க முடியும்.

எங்கே கிழிகிறது, ஏன் அங்கே

பெரியவர்களுக்கு மூச்சுக்குழல் சுமார் 11 செ.மீ. நீளம். முன்பக்கமும் பக்கவாட்டிலும் குதிரைலாட வடிவக் குருத்தெலும்பு வளையங்கள், பின்பக்கம் உணவுக்குழாயை ஒட்டி மெல்லிய சவ்வு. மார்புக்குள் இறங்கி இரண்டாகப் பிரியும் கவட்டைக்குக் கரைனா என்று பெயர். வலது கிளை குட்டை, சுமார் இரண்டரை செ.மீ.; இடது கிளை அதைப்போல இரு மடங்கு நீளம், அதன் மேல் பெருந்தமனி வளைந்து போகிறது.

மார்பு முன்னும் பின்னுமாக நசுங்கும்போது பக்கவாட்டில் அகலும். இரண்டு நுரையீரலும் இரு பக்கமாக இழுக்கப்படும்போது அந்த இழுவை முழுவதும் கவட்டையில் விழுகிறது. அடிபடும் நொடியில் பயத்தில் மூச்சை இறுக்கிப் பிடித்திருந்தால் குரல்வளை மூடியிருக்கும். உள்ளே அழுத்தம் எகிறி, பின்பக்கச் சவ்வு நீளவாக்கில் பிளக்கும். மூன்றாவது, வேகமாக வந்த உடம்பு திடீரென நிற்பது. கழுத்தில் குரல்வளையின் அடிவளையமான கிரிக்காய்டும் மார்பில் கரைனாவும் அசையாமல் நிற்க, நுரையீரல் மட்டும் முன்னே பாயும்.

அதனால்தான் 2001-இல் கைசரும் குழுவினரும் அதுவரை வெளியான நோயாளி விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, வெளிக்காயமில்லாத அடியில் ஏற்பட்ட கிழிசல்களில் 76 சதவீதம் கரைனாவிலிருந்து 2 செ.மீ.க்குள்ளேயே இருந்தன. வலது கிளையின் முதல் 2 செ.மீ.யில் மட்டும் 43 சதவீதம். பிராங்கோஸ்கோப்பை முதலில் எங்கே திருப்ப வேண்டும் என்பதற்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

இது அரிதான காயம்தான். 1972-இல் பெர்டெல்சனும் ஹோவிட்ஸும் விபத்தில் இறந்த 1,178 பேரின் பிரேதப் பரிசோதனைகளைப் பார்த்ததில் 33 பேருக்கு இது இருந்தது. அவர்களில் 27 பேர் அடிபட்ட உடனே இறந்தவர்கள். உயிரோடு நம் வாசலுக்கு வருபவர்கள் மிகச் சிலர். ஆண்டுக்கு ஒன்று பார்த்தாலே அதிகம். நம் கை பழகாமல் இருப்பதற்கும், கண்ணெதிரே இருந்தும் தவறவிடுவதற்கும் அதுவே காரணம்.

நம் ஊரில் இது எப்படி வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரி, முன்னே நிற்கும் வண்டிகளில் மோதும்போது கேபினில் சிக்குபவர்கள். நான்குவழிச் சாலையில் ஹெல்மெட் மட்டும் தலையைக் காப்பாற்றிய பைக் ஓட்டிகள். கிரானைட் குவாரியில் கல் சரிந்தவர்கள். உழவு நிலத்தில் டிராக்டர் கவிழ்ந்தவர்கள். எருது விடும் விழாவில் கொம்பு ஏறியவர்கள். இருட்டில் வேலிக் கம்பியோ கயிறோ கழுத்தில் மாட்டிய பைக்காரர்களுக்கும், சக்கரத்தில் துப்பட்டா சுற்றிக்கொண்ட பெண்களுக்கும் கழுத்துப் பகுதியிலேயே குழல் பிரிந்திருக்கும்.

முதல் படி: சந்தேகப்படுவது

கழுத்தையும் மார்பையும் தொட்டுப் பாருங்கள். தோலுக்கடியில் பொரியை அமுக்கினால் நொறுங்குவதுபோல் சத்தமும் உணர்வும் இருந்தால், அது காற்று. விலா முறிவிலும் கொஞ்சம் வரும். ஆனால் கழுத்து, முகம், கண்ணிமை என மணிக்கு மணி ஏறிக்கொண்டே போகிறது என்றால் பெரிய குழல் எங்கோ திறந்திருக்கிறது. இருமலில் ரத்தம், குரல் கம்மல், மூச்சிழுக்கும்போது விசில் சத்தம், இதயத் துடிப்போடு சேர்ந்து நறநறவென்று கேட்கும் ஒலி ஆகியவை கூடுதல் தடயங்கள். கழுத்துக் காயத்தில் குமிழ் வந்தால் வேறு தடயமே தேவையில்லை.

விபத்து எப்படி நடந்தது என்று கேட்பதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தில் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார்கள். பதற்றத்தில் தமிழில் தெளிவாகச் சொல்ல வராது. அந்த மொழி தெரிந்த நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு, "நசுங்கியதா, மோதியதா, தூக்கி எறியப்பட்டாரா" என்று கேட்கச் சொல்லுங்கள். நசுங்கியது என்ற ஒரு சொல் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

இளம் மருத்துவர்கள் அடிக்கடி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. முதல் மூன்று விலா முறிந்திருந்தால் அடி பலம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் விலா மூங்கில்போல வளைந்து திரும்பிவிடும். ஒரு விலாகூட முறியாமல் கிளைக்குழல் இரண்டாகப் போயிருக்கலாம். "எலும்பு எதுவும் உடையலை சார்" என்று இருபது வயதுப் பையனைப் பற்றி யாராவது சொன்னால் நான் நிம்மதி அடைவதில்லை.

இரண்டாம் படி: டியூப் போடும் முன் ஒரு நிமிடம்

இந்தக் காயத்தில் உயிர் போவது பெரும்பாலும் அறுவைக்கூடத்தில் அல்ல, தொண்டையில் டியூப் இறங்கும் அந்த நிமிடத்தில்தான். ஆகவே இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

கிழிந்த குழலைச் சுற்றியிருக்கும் தசையும் சவ்வும் சேர்ந்து ஒரு தற்காலிகப் பாலம்போல அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நோயாளி தானாக மூச்சு விடும்வரை அந்தப் பாலம் தாங்கும். தசையைத் தளர்த்தும் மருந்து போட்டதும் அது விட்டுவிடலாம். கண்ணை மூடிக்கொண்டு தள்ளிய டியூப் கிழிசல் வழியாக வெளியே போய் மார்புக்குள் பொய்வழி போடும். பாதி கிழிந்தது முழுதாகப் பிரியும். பிறகு அழுத்தி ஊதும் ஒவ்வொரு மூச்சும் நுரையீரலுக்குப் போகாமல் மார்புக்குள் நிரம்பும்.

ஆக்சிஜன் ஓரளவு நிற்கிறது, நினைவு இருக்கிறது என்றால், அவருக்கு வசதியான நிலையிலேயே மூச்சுவிட விடுங்கள். கழுத்தெலும்பை மட்டும் பாதுகாத்துக்கொள்ளுங்கள். அனஸ்தீஷியா டாக்டரையும் பிராங்கோஸ்கோப்பையும் வரவழையுங்கள். டியூப் தேவைதான் என்றால் தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்து தெளித்து, தானாக மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்கோப்பின் மேல் டியூப்பைக் கோத்து, பார்த்துக்கொண்டே இறக்க வேண்டும். குழலின் மேல்பகுதியில் கிழிசல் என்றால் டியூப் நுனிப் பக்கத்துப் பலூன் அதைத் தாண்டிக் கீழே இருக்க வேண்டும். வலது கிளை கிழிந்திருந்தால் டியூப்பை இடது கிளைக்குள் கொண்டுபோய் நல்ல நுரையீரலை மட்டும் ஓட்டலாம். இடது கிழிந்தால் வலது. இரட்டைக் குழல் டியூப் தடிமனும் விறைப்பும் கொண்டது, கிழிசலைப் பெரிதாக்கக்கூடும். அதை அனுபவமுள்ளவர் ஸ்கோப் துணையோடு போட்டால் சரி, இல்லாவிட்டால் நீளமான ஒற்றை டியூப்பே நல்லது.

கழுத்தில் குழல் வெளியே தெரியும்படி வெட்டுப்பட்டிருந்தால் வாய்வழியாகப் போராட வேண்டாம். காயத்தின் வழியே கீழ்ப்பக்க முனையை ஆலிஸ் கிளாம்ப்பால் மெதுவாகப் பிடித்து, அதற்குள் டியூப்பைச் செருகுங்கள். முழுதாக அறுந்த குழலின் கீழ்முனை நெஞ்சுக்குள் இழுபட்டுப் போகும். விரலை விட்டுத் தேடினால் கிடைக்கும். தோல் கிழியாமல் உள்ளே குழல் பிரிந்த சந்தேகம் என்றால் குரல்வளைக்குச் சற்றுக் கீழே துளையிடும் கிரிக்கோதைராட்டமி உதவாது, திறப்பு பிரிந்த இடத்துக்கு மேலேயே நின்றுவிடும். நோயாளி விழித்திருக்க, லோக்கல் ஊசியில், கீழே மூச்சுக்குழலிலேயே துளையிடும் டிரக்கியாஸ்டமி செய்வதே வழி.

டியூப் இறங்கிய பிறகு பேக்கை வேகமாக அழுத்த வேண்டாம். குறைந்த அளவு, குறைந்த அழுத்தம். நைட்ரஸ் ஆக்சைடு கூடாது. சிக்கியிருக்கும் காற்றை அது இன்னும் ஊதிப் பெருக்கும்.

மூன்றாம் படி: ஐ.சி.டி.யும் பாட்டில் சொல்லும் கதையும்

டென்ஷன் நியூமோதொராக்ஸ், அதாவது சிக்கிய காற்று இதயத்தையே அழுத்தும் நிலை, என்றால் படத்துக்குக் காத்திருக்கக் கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து, ஒரு பக்கம் மூச்சொலி இல்லை என்றால் உடனே திறந்துவிடுங்கள். பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் திறக்க வேண்டும். பிறகு அதே பகுதியில் 28 முதல் 32 பிரெஞ்ச் அளவுள்ள டியூப்.

இனி பாட்டிலைப் பாருங்கள். சாதாரண நுரையீரல் கீறலில் இருமும்போது குமிழ் வரும், ஓரிரு நாளில் அடங்கும். கிளைக்குழல் திறந்திருந்தால் மூச்சிழுத்தாலும் விட்டாலும் குமிழ் நிற்காது, நுரையீரலும் மேலே வராது. வென்டிலேட்டரில் இருந்தால், உள்ளே அனுப்பிய அளவில் பெரும்பகுதி திரும்பி வராததை இயந்திரமே காட்டும். இந்த நிலையில் சக்‌ஷனைக் கூட்டினால், நல்ல நுரையீரலுக்குப் போக வேண்டிய காற்றையும் கிழிசல் வழியாக உறிஞ்சிவிடும். சக்‌ஷன் வைத்ததும் மூச்சுத் திணறல் கூடுவது இந்தக் காயத்தின் கையெழுத்து என்றே சொல்வேன். உடனே சக்‌ஷனைக் கழற்றித் தண்ணீர் அடைப்பில் (வாட்டர் சீல்) மட்டும் விடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு டியூப் போடுங்கள். எந்தக் காரணத்துக்கும் டியூப்பைக் கிளாம்ப் போட்டு மூட வேண்டாம்.

உறவினர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு எளிய வழி ஒன்று கிடைத்தது. வானம் பார்த்த பூமிக்காரர்களான நம் மக்களுக்கு போர்வெல் தெரியும், பைப்லைன் தெரியும். "மோட்டார் நல்லா ஓடுதுங்க, நடுவுல பைப் உடைஞ்சிருக்கு. மோட்டார எவ்வளவு வேகமா ஓட்டினாலும் கடைசிச் செடிக்குத் தண்ணி போகாது. பைப்பைத்தான் ஒட்டணும்" என்றால் பையனின் அப்பா தலையசைப்பார். கையெழுத்துப் போடும்போது அவருக்கு எதற்குப் போடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: படங்கள்

எக்ஸ்ரேயில் நுரையீரல் சுருங்கியிருக்கும் விதத்தைக் கவனியுங்கள். சாதாரண நியூமோதொராக்ஸில் அது தன் வேரை நோக்கி, நடுவுக்குச் சுருங்கும். கிளைக்குழல் முழுதாக அறுந்திருந்தால் பிடிமானம் இல்லாமல் கீழேயும் பக்கவாட்டிலும் சரிந்து கிடக்கும், காம்பறுந்த மாங்காய் மாதிரி. இது அபூர்வமாகவே கிடைக்கும். கிடைத்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. கழுத்தின் பக்கவாட்டுப் படத்தில் நாக்கடி எலும்பு மூன்றாவது கழுத்தெலும்புக்கு மேலே ஏறியிருந்தால், மேல்குழல் அறுந்து குரல்வளை மேலே இழுபட்டிருக்கிறது. டியூப் போட்டவரின் படத்தில் பலூன் குழலின் அகலத்தை மீறி உருண்டு நின்றால், அது கிழிசல் வழியாக வெளியே பிதுங்கியிருக்கலாம்.

ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் சி.டி. எடுங்கள். குழல் சுவரில் விட்டுப்போன இடம், சுற்றிலும் காற்று, கூடவே பெருந்தமனி, முதுகெலும்பு எல்லாம் ஒரே தடவையில் தெரிந்துவிடும். ஆனால் சி.டி. சுத்தமாக இருக்கிறது என்பதற்காக விஷயத்தை மூடிவிடாதீர்கள். கிழிசலைச் சுற்றியுள்ள சவ்வு அப்படியே இருந்தால் காற்று மார்புக்குள் சிதறாது. நியூமோதொராக்ஸ் சிறிதாக இருக்கும், ஐ.சி.டி. போட்டதும் நுரையீரல் அழகாக விரியும், எல்லோரும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த நோயாளிதான் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வருவார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

ஐந்தாம் படி: பிராங்கோஸ்கோப்பி

முடிவைச் சொல்வது இதுதான், மற்றதெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்க்கும் வழி. டியூப் ஏற்கெனவே உள்ளே இருந்தால் ஸ்கோப்பை அதன் வழியே விட்டுக் கீழே மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிவிடுவது பெரிய தவறு. பலூன் இருக்கும் இடத்தின் பின்னாலேயே கிழிசல் ஒளிந்திருக்கும். பலூனை இறக்கி, ஸ்கோப் உள்ளே இருக்கும்போதே டியூப்பைக் குரல்நாண் வரை மெதுவாகப் பின்னிழுத்து, சுவர் முழுவதையும் பார்க்க வேண்டும். திரும்ப இறக்க ஸ்கோப்பே வழிகாட்டியாக இருக்கும்.

ரத்தக்கட்டி கிடந்தால் உறிஞ்சிவிட்டு மறுபடி பாருங்கள். கரைனாவிலிருந்து எத்தனை செ.மீ. தூரம், சுற்றளவில் எவ்வளவு பங்கு, சவ்விலா வளையத்திலா, நீளவாக்கிலா குறுக்கா என்று எழுதி வையுங்கள். எந்தப் பக்கம் நெஞ்சைத் திறப்பது என்பதை இந்த நான்கு விவரங்களே தீர்மானிக்கும். சவ்வு கிழிந்திருந்தால் பின்னால் உணவுக்குழாயையும் பார்க்க வேண்டும், எண்டோஸ்கோப்பியாலோ கான்ட்ராஸ்ட் விழுங்கச் செய்தோ. அது தவறிப்போனால் இரு நுரையீரலுக்கும் நடுவே உள்ள மீடியாஸ்டினத்தில் சீழ் கோத்து, நாம் போட்ட அழகான தையல் எல்லாம் வீணாகும்.

அனுப்ப வேண்டியிருந்தால்

மார்பு அறுவை நிபுணரும், அதற்குப் பழகிய அனஸ்தீஷியாவும், ஸ்கோப்பும் ஒரே கூரையின் கீழ் இல்லையென்றால் அனுப்பத்தான் வேண்டும். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கி.மீ., நடுவில் தொப்பூர். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கி.மீ., அத்திப்பள்ளி தாண்டியதும் நெரிசல். ஆக்சிஜனைக் கணக்குப் போட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள். 1,500 லிட்டர் கொள்ளும் ஒரு பி-டைப் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் இரண்டரை மணி நேரம் வரும். 15 லிட்டர் ஓடினால் ஒரு மணி நாற்பது நிமிடம்தான். கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றாலே அந்தக் கணக்கு போய்விடும். ஆகவே இரண்டு சிலிண்டர்.

ஐ.சி.டி. பாட்டில் மார்பு மட்டத்துக்குக் கீழே, மூடாமல், ஸ்ட்ரெச்சரோடு கட்டியிருக்க வேண்டும். வழியில் மீண்டும் டென்ஷன் வந்தால் என்ன செய்வது என்று 108 வண்டியில் வருபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கிளம்பும் முன் அந்தப் பக்கத்து மருத்துவரிடம் நீங்களே போனில் பேசுங்கள். "சந்தேகம்: வலது பிராங்கஸ் கிழிசல், ஸ்கோப்போடு காத்திருங்கள் சார்" என்ற ஒரு வாக்கியம் அங்கே ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பணத்துக்காக யாரும் தயங்கி நிற்க வேண்டாம் என்றும் உறவினரிடம் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கொடுக்கிறது. வெளிமாநில லாரி டிரைவருக்கும் அது பொருந்தும்.

கத்தி வேண்டாத கிழிசல்கள்

சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, விளிம்புகள் ஒட்டிக் கிடக்கின்றன, ஐ.சி.டி. போட்டதும் நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது, குமிழ் சீக்கிரம் நின்றுவிட்டது, உணவுக்குழாய் நன்றாக இருக்கிறது, காய்ச்சல் இல்லை. இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் காத்திருக்கலாம். ஈரப்படுத்திய ஆக்சிஜன், ஆன்டிபயாடிக், இருமலை அடக்கும் மருந்து, தினமும் எக்ஸ்ரே. ஒரு வாரம் பத்து நாளில் ஸ்கோப் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் நான் அறுவைக்கே போவேன். ஆரோக்கியமான இளைஞனுக்கு முதல் நாளில் போடும் தையல் எளிது, சீழ் பிடித்த பத்தாம் நாளில் போடுவது அப்படியல்ல.

ஆறாம் படி: அறுவை

எந்த வழியாகப் போவது என்பதில் பாதி வெற்றி இருக்கிறது. கழுத்திலும் குழலின் மேல்பாதியிலும் கிழிசல் என்றால் கழுத்துக் குழிக்குச் சற்று மேலே குறுக்குவெட்டு. போதாவிட்டால் நெஞ்செலும்பின் மேல்பகுதியை நடுவே பிளந்து இறங்கலாம். குழலின் கீழ்ப்பகுதி, கரைனா, வலது கிளை, இடது கிளையின் ஆரம்பம் ஆகிய நான்குக்கும் வலது பக்கத்து நான்காவது இடைவெளியே வழி. அசைகோஸ் சிரையைக் கட்டி வெட்டினால் முழுப் பகுதியும் கண்முன் விரியும். இடது கிளையில் கிழிசல் என்றதும் இடது பக்கம் திறக்கக் கை போகும். ஆனால் கரைனாவை ஒட்டியிருந்தால் பெருந்தமனி மறைத்துக்கொள்ளும், வலது பக்கமே வசதி. கரைனாவிலிருந்து 3 செ.மீ. தாண்டிய இடது கிழிசலுக்கு மட்டும் இடது பக்கம்.

நெஞ்சைத் திறக்கும்போதே, ரிட்ராக்டர் நசுக்குவதற்கு முன், விலா இடைத்தசையை ரத்த ஓட்டத்தோடு ஒரு பட்டையாகப் பிரித்து வைத்துவிடுங்கள். கடைசியில் தையலைப் போர்த்த அது வேண்டும். பிறகு எடுக்கலாம் என்று விட்டால் அது கூழாகியிருக்கும்.

அனஸ்தீஷியாவும் சர்ஜனும் ஒரே குழலைப் பங்குபோட்டுக்கொள்ளும் அறுவை இது. திறந்த பிறகு வாய்வழி டியூப் பயன்படாவிட்டால், நான் கிருமிநீக்கிய இன்னொரு டியூப்பைக் கீழே திறந்திருக்கும் கிளைக்குள் நேராகச் செருகி, அதற்கான குழாயை மேசையின் மேலாக அனஸ்தீஷியா டாக்டரிடம் நீட்டுவேன். தையல் போடும்போது அதை எடுப்பதும் வைப்பதுமாகப் போகும். "எடுக்கறேன் மேடம்", "போதும் சார், திரும்ப வையுங்க" என்று ஒருவர் குரலுக்கு ஒருவர் காது கொடுக்க வேண்டும். உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் எக்மோ இயந்திர வசதியுள்ள பெரிய மையங்களில், இரண்டு நுரையீரலும் கைவிட்ட நிலையில் அதன் துணையோடு செய்ய முடியும்.

குழலுக்கு ரத்தம் பக்கவாட்டிலிருந்து, சின்னச் சின்னக் கிளைகளாக வருகிறது. முன்னாலும் பின்னாலும் விடுவிக்கலாம்; பக்கவாட்டில் ஒரு செ.மீ.க்கு மேல் சுற்றிப் பிரித்தால் ஒட்டிய இடம் பிறகு கருகும். நசுங்கிய குருத்தெலும்பை ரத்தம் கசியும் நல்ல விளிம்பு வரும்வரை வெட்டி எடுங்கள், ஆனால் கஞ்சத்தனமாக. எளிய கிழிசலுக்கு நேரடித் தையல். முழுதாக அறுந்ததற்கு முனைக்கு முனை இணைப்பு, உள்சவ்வு உள்சவ்வோடு சேரும்படி. 3-0 அல்லது 4-0 விக்ரில் அல்லது பி.டி.எஸ். (தானாகக் கரையும் நூல்கள்), தனித்தனித் தையலாக, முடிச்சு எப்போதும் வெளிப்பக்கம். உள்ளே முடிச்சு விழுந்தால் அதைச் சுற்றிச் சதை வளரும். முதலில் எட்டாத மூலைத் தையல்களைப் போட்டுக் கட்டாமல் வரிசையாகப் பிடித்து வைத்து, எல்லாம் போட்ட பிறகு ஒவ்வொன்றாகக் கட்டுங்கள்.

இழுவை இருந்தால் தையல் பிரியும். நோயாளியின் தாடையை மார்பை நோக்கி வளைப்பதிலேயே கணிசமான தளர்வு கிடைக்கும். குழலின் முன்பக்கத் தளத்தை விரலால் விடுவிப்பது, நுரையீரலைக் கீழே பிடித்திருக்கும் தசைநாரை வெட்டுவது, இன்னும் வேண்டுமென்றால் வேரைச் சுற்றிப் இதய உறையான பெரிகார்டியத்தைத் திறப்பது என்று படிப்படியாகப் போங்கள். விபத்துக் காயத்தில் இதற்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது.

தையலைச் சலைன் நீரில் மூழ்கடித்து, 25 முதல் 30 செ.மீ. நீர் அழுத்தத்தில் ஊதச் சொல்லுங்கள். ஒரு குமிழ் வந்தாலும் அந்த இடத்தில் இன்னொரு தையல். பிறகு பிரித்து வைத்த தசைப்பட்டையைச் சுற்றிப் போர்த்துங்கள். உணவுக்குழாயும் கிழிந்து தைத்திருந்தால் இரண்டு தையல்களுக்கும் நடுவே தசை கட்டாயம்; இல்லையென்றால் இரண்டும் சேர்ந்து ஒரே ஓட்டையாகிவிடும். தையலைக் காப்பதற்காக என்று சொல்லி டிரக்கியாஸ்டமி போடும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. கிருமிக்கு வழி திறந்துவிடுவதுதான் அதில் மிச்சம்.

ஒரு நுரையீரல் மடலைச் சீர்செய்யவே முடியாது என்றால் அதை எடுக்கலாம். முழு நுரையீரலையும் எடுப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். அதிர்ச்சியில் இருக்கும் விபத்து நோயாளிக்கு அதைச் செய்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைப்பதில்லை.

அறுவைக்குப் பின்

முடிந்தால் மேசையிலேயே டியூப்பை எடுத்துவிடுங்கள். தானாக விடும் மூச்சு தையலுக்கு எவ்வளவோ மென்மையானது. தலையில் அடி, நுரையீரல் நசிவு போன்றவற்றால் வென்டிலேட்டர் தேவைப்பட்டால் பலூன் தையலின் மேல் உட்காராமல், அழுத்தம் குறைவாக இருக்க வேண்டும். எபிடியூரலோ விலா நரம்பு மரப்போ கொடுத்து வலியை அடக்கினால்தான் சளியை இருமித் துப்புவார். துப்பாத சளியை ஸ்கோப்பால் எடுக்கலாம், ஆனால் தையலைத் தெரிந்தவர் கையால். நீளமான பகுதியை எடுத்து இணைத்திருந்தால் தாடைக்கும் நெஞ்சுக்கும் ஒரு தடித்த தையல் போட்டு ஒரு வாரம் தலையைக் குனிந்தபடி வைப்போம். அம்மாவும் மனைவியும் அதைப் பார்த்துப் பயந்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மறுபடி குமிழ், காய்ச்சல், புதிதாகக் கழுத்தில் பொரிப்பு என்றால் தையல் பிரிகிறது. வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு ஸ்கோப். பிறகு மூன்று மாதம்வரை அவ்வப்போது. அரூரிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டுமே என்று பலர் வருவதை நிறுத்திவிடுவார்கள். தழும்பு இறுகி வழி குறுகுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் "படியேறும்போது இளைப்பு, விசில் சத்தம் வந்தால் உடனே வரவும்" என்று தமிழில், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்.

தாமதமாக வருபவர்

முன்பு சொன்ன அந்த நோயாளி இவர்தான். விபத்து நடந்து மாதங்கள் ஆகியிருக்கும்; ஆஸ்துமா என்று இன்ஹேலர், காசநோயோ என்று சளிப் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு வருவார். எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரல் வெள்ளையாகச் சுருங்கியிருக்கும். பழைய விபத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கே மனதுக்குத் தோன்றுவதற்கு நேர்மாறான ஓர் உண்மை இருக்கிறது. வழி முழுதாக மூடிப்போயிருந்தால், அதற்கப்பால் உள்ள நுரையீரலில் சளி நிரம்பியிருக்கும், ஆனால் வெளிக்கிருமி உள்ளே போயிருக்காது. அது பிழைக்கக்கூடிய நுரையீரல். பாதி குறுகி, கொஞ்சம் திறந்திருந்தால்தான் கிருமி போய்வந்து சீழ் பிடித்து, உள்ளே குழிகள் விழுந்து, வெட்டி எடுக்க வேண்டிய நிலை வரும். 1927-இல் கிரினிட்ஸ்கி பதிவு செய்த பிரேதப் பரிசோதனை ஒன்றில், சிறுமியாக இருந்தபோது மார்பு நசுங்கிய ஒரு பெண்ணுக்கு 21 ஆண்டுகள் கழித்தும் வலது கிளை முழுதாக மூடிக் கிடந்தது. அத்தனை காலமும் ஒற்றை நுரையீரலோடு அவர் வாழ்ந்திருக்கிறார்.

அதனால் "மாசக்கணக்கா ஆயிடுச்சு, இனி அந்த நுரையீரல் வேலைக்காகாது" என்று கையை விரிக்க வேண்டாம். ஸ்கோப்பும் சி.டி.யும் எடுங்கள். சீழ் இல்லையென்றால் குறுகிய பகுதியை வெட்டிவிட்டு இரண்டு நல்ல முனைகளை இணையுங்கள். இணைக்கும் முன் அப்பாலுள்ள குழலில் தேங்கிய கெட்டிச் சளியைப் பொறுமையாக உறிஞ்சி எடுக்க வேண்டும், அரை மணி நேரம் ஆனாலும் சரி. பிறகு அனஸ்தீஷியா டாக்டரிடம் மெதுவாக ஊதச் சொல்லுங்கள். கல்லீரல்போலக் கருஞ்சிவப்பாகக் கிடந்தது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிர் ரோஜா நிறத்துக்கு மாறும். முதல் ஊதலிலேயே முழுதும் விரியாது, மீதி அடுத்த சில நாளில் பிசியோதெரபியோடு விரியும்.